வியாதி யார் வீட்டுச் செலவு?

கண்ணு,

நாளை மறுநாள் உன்னையும் பிள்ளையையும் அடையாற்றில் உன் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். நீ இந்நேரம் துணி மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பாய். நான் இங்கே மாடவீதி டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில், மத்தியான பேட்ச் பிள்ளைகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, மேஜை ஓரத்தில் உட்கார்ந்து இதைக் கையால் எழுதுகிறேன். மெஷினில் அடித்தால் எனக்கு எல்லாமே மனுவாகிவிடும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்த விரல், பெற்ற பெண்ணுக்கு எழுதும்போதும் ‘மேற்படி பொருள் சம்பந்தமாக’ என்று ஓடிவிடும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ ‘ஆரம்பிச்சுட்டியாம்மா’ என்பாய், எனக்குக் கோபம் வரும், உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. பிள்ளை அழுதால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் எடுத்துப் படி.

நேற்றுக் காலை எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே நீ சொன்னாய்: “அடுத்த மாசத்துக்கு ட்யூப் வாங்காதம்மா. இந்த இன்சுலின் பம்பைக் கழட்டிடலாம்னு இருக்கேன். அதான் குழந்தை நல்லபடியா பொறந்துட்டானே, இனிமே எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு? பழையபடி ஊசியே போட்டுக்கறேன். அந்தப் பணத்தை இவன் பேர்ல போட்டு வெக்கலாம்.” ஏதோ கல்யாணப் புடவையைப் பரணில் எடுத்து வைக்கிற மாதிரி சொன்னாய். நானும் காபியைக் குடித்துவிட்டேன். எனக்கு உடனே பதில் வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டை விட்டு இறங்கி, குளத்தைத் தாண்டி, இன்ஸ்டிட்யூட் மாடிப்படி ஏறும்போதுதான் வந்தது. படியிலேயே நின்று அழுதேன். ஷார்ட்ஹேண்ட் படிக்கும் பெண் ஒருத்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உனக்குப் பதினோரு வயதில் இந்தச் சர்க்கரை வியாதி வந்தபோது, இன்சுலின் வைக்க நம் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மாடியில் வீட்டுக்காரர்கள் வீட்டில் இருந்தது. நல்ல மனுஷர்கள், ‘எப்ப வேணும்னாலும் வாங்க’ என்றார்கள். ஆனால் காலையிலும் சாயங்காலமும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் தோசைமாவுக்கும் தயிருக்கும் நடுவிலிருந்து உன் மருந்தை எடுக்கும்போதெல்லாம் என் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். உன் அப்பா வேலை பார்க்கும் தி. நகர் பாத்திரக்கடை முதலாளி, ஒரு பழைய ஃப்ரிட்ஜைத் தவணையில் தருகிறேன் என்றதும், என்ன விலை, ஓடுமா ஓடாதா என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினேன். அது ராத்திரியெல்லாம் லாரி மாதிரி உறுமியது. இருந்தாலும் அன்றுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. கேட்பது என்றாலே எனக்கு அவ்வளவு கஷ்டம். அடுத்தவர்களுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கேட்பேன், பக்கம் பக்கமாகக் கேட்பேன். எனக்கென்று வந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

உனக்கு வரன் பார்த்தபோது விஷயத்தை மறைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. உன் அப்பாதான் ஒரே பிடியாக நின்றார். சொன்னதும் வந்த இடங்களெல்லாம் ஜாதகத்தில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டன. உன் மாமியார் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: “ஊசி யார் போடுவாங்க?” அவளே போட்டுக்கொள்வாள் என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் வெளியூருக்கு மூன்று மூன்று நிமிஷமாக ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்தவர் இல்லையா, அந்த மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் அவருக்கு. ‘அவங்க என்கூட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதே இல்லம்மா’ என்று நீ எத்தனை தடவை அங்கலாய்த்திருக்கிறாய். நானும் உன்னோடு சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்று அவரைப்போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

முதலில் உண்டானது மூன்றாம் மாசம் கலைந்துபோனதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வாரம் எனக்கும் கண்ணுக்குள் அப்படியேதான் இருக்கிறது. மறுபடி உண்டானபோது டாக்டர் நம்மை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: சர்க்கரை இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கக் கூடாது, ஊசியிலும் சமாளிக்கலாம், ஆனால் உன் உடம்புக்கு விடியற்காலையில் திடீர் திடீரென்று சர்க்கரை இறங்கி நினைவு தப்புகிறதே, அதனால் பம்ப் வைத்தால் நல்லது என்று. இடுப்பில் சொருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய், நாள் முழுக்கத் துளித்துளியாக மருந்து. வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று விலையைச் சொன்னதும், உன் அப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மிஷின் மட்டும் இல்லை, குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது மாசாமாசம் தனிச் செலவு என்றும் சொன்னார். நீ டாக்டர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த வாரம் உன் மாமியார் பழம் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். காபியைக் கையில் வாங்கியதும், “டாக்டர் ஏதோ பம்ப் வெக்கச் சொன்னாராமே” என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவிடவில்லை. “தலைப்பிரசவம் எங்க வீட்டுச் செலவு சம்பந்தியம்மா. அதைப் பத்தி நீங்க யோசிக்கவே கூடாது” என்றேன். பிள்ளை வீட்டார் முன்னால் தலை குனியக் கூடாது என்று எனக்கு ஒரு முறுக்கு. தலைப்பிரசவச் செலவைத் தாய்வீடு பார்ப்பதுதானே முறை, அதில் அவர்கள் கை வைத்தால் நம் தெருவில் என்ன பேசுவார்கள்? அவர் “சரி” என்றார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று நழுவுகிறார் பார் என்று நான் உன் அப்பாவிடம் பொருமினேன். கையில் கால் காசு இல்லாமல் பேசின பேச்சு அது.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கம்பெனியில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுப்பார்களாம். இன்ஷூரன்ஸ்காரர், முன்னாலேயே இருக்கும் வியாதி என்று கையை விரித்தார். கோயில் உற்சவத்துக்கு வாரி வழங்கும் ஒரு பெரிய மனிதரிடம் போனேன். “சுகருக்கா? எங்க வீட்லயும்தான் எல்லாருக்கும் இருக்கு. ஸ்வீட்டை நிறுத்திட்டு பீச்ல நடக்கச் சொல்லுங்க” என்று எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார். சுகர் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னதும் எல்லோருக்கும் டாக்டர் ஆகிவிடத் தோன்றுகிறது. கடைசியில்தான், தி. நகரில் ஏழைகளின் ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும் ஒரு அறக்கட்டளை இருக்கிறது என்று என் பழைய மாணவி சொன்னாள். என் வாழ்நாளிலேயே நன்றாக அடித்த மனுவை எடுத்துக்கொண்டு லஸ்ஸில் பஸ் ஏறினேன். பனகல் பார்க் அருகே ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர், “இன்னாம்மா, சீட்டு வாங்கிகினியா? உள்ள ஒரு அம்மா பேசிக்கினு கீறாங்க. அப்டி குந்து, கூப்புடுவாங்க” என்றார். பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வெறும் ப்ளைவுட் தடுப்பு.

உள்ளே பேசிய குரல் எனக்குத் தெரிந்த குரல். யாருக்கு உதவி என்று அதிகாரி கேட்டிருக்க வேண்டும். “என் பொண்ணுக்கு” என்றது அது. நான் திடுக்கிட்டேன். உன் மாமியாருக்கு இருப்பது ஒரே பிள்ளை, பெண்ணே கிடையாது. “பதினோரு வயசுலேர்ந்து ஊசி போட்டுக்கறா சார். ஒரு நாள் தவறினது இல்ல.” கண்ணு, அதற்கப்புறம் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எங்க ட்ரஸ்ட்ல ஹார்ட், கிட்னி இப்படி ஆபரேஷனுக்குத்தாம்மா குடுக்கறது. சுகருக்கெல்லாம்... வாயைக் கட்டினாலே போதுமே” என்றார் அதிகாரி.

“அது வேற சுகர் சார். இவளுக்கு உடம்புல இன்சுலினே ஊறாது. சாப்பிட்டாலும் வேணும், பட்டினி கெடந்தாலும் வேணும். நீங்களும் நானும் மூச்சு விடற மாதிரி.” யாரிடம் போய் இத்தனையும் கற்றுக்கொண்டார்? அப்புறம்தான் தெரிந்தது, நமக்குத் தெரியாமல் இரண்டு முறை டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

அதிகாரி இரக்கப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். குரலைத் தணித்து, “ஒண்ணு பண்ணுங்கம்மா. உண்டாகியிருக்காங்கன்னு சொன்னீங்களே, அதை மொதல் வரியா எழுதுங்க. வயித்துல குழந்தைன்னா ட்ரஸ்டிங்க மனசு எளகும்” என்றார். அதற்கு உன் மாமியார், எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “எழுதறேன் சார். ஆனா, போன தடவை கலைஞ்சு போச்சு. இந்தத் தடவையும் அப்படி ஆயிட்டா, அவளுக்கு இது வேணாம்னு ஆயிடுமா? குழந்தை இருந்தாலும் இல்லாட்டியும் அவளுக்கு இது வேணும். குடுக்கறதா இருந்தா அவளுக்குன்னு குடுங்க.”

என் பைக்குள் இருந்த மனுவை நினைத்துப் பார்த்தேன். ‘பிறக்கவிருக்கும் சிசுவின் நலன் கருதி’ என்று ஆரம்பித்து, ‘வம்சம் தழைக்க’ என்று முடித்திருந்தேன். ஒரு பிழை இல்லை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதில் குழந்தை இருந்தது, வம்சம் இருந்தது, என் பெண் இல்லை. விடியற்காலையில் வேர்த்து விறுவிறுத்து, பல் கிட்டி, நான் சர்க்கரைத் தண்ணீர் புகட்டப் புகட்ட விழிக்காமல் கிடந்த என் பெண் அதில் எங்கேயும் இல்லை. பெற்றவள் எழுதாததை அந்த அம்மாள் வாயால் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. உன்னை இப்படி நினைக்க இன்னொரு மனுஷி உலகத்தில் இருக்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

கூப்பிடாமலேயே உள்ளே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டார், அவ்வளவுதான். அதிகாரி, “நீங்க யாரும்மா?” என்றார். “பொண்ணோட அம்மா” என்றேன். “அப்ப இவங்க?” என்று கையைக் காட்டினார். உன் மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “நானும்தான்” என்றார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார்.

கீழே இறங்கியதும் பக்கத்து டிபன் ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். சம்பந்தி முறையெல்லாம் மறந்து சண்டை போட்டோம். “நான்தான் தலைப்பிரசவம் எங்க செலவுன்னு சொன்னேனே, நீங்க ஏன் படியேறணும்?” என்று நான் கேட்டேன். “பிரசவம் உங்க செலவு, ஒத்துக்கறேன். வியாதி யார் வீட்டுச் செலவு?” என்றார். அவரே சொன்னார்: “தாலி கட்டின அன்னிக்கே அது எங்க வீட்டு வியாதி ஆயிடுச்சு. எங்க வீட்டு வியாதிக்கு உங்களை ஏன் செலவு பண்ண விடணும்?” இட்லியை நறுக்கியபடி இதைச் சொல்கிறார்! நான் விடவில்லை. மிஷின் வேண்டுமானால் வியாதிக்கு, ட்யூப் அவள் மாசமாக இருப்பதால்தானே என்றேன். மிஷின் இல்லாமல் ட்யூபை என்ன காதிலா மாட்டிக்கொள்வது என்று கேட்டார். சர்வர் பில்லை யாரிடம் வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்துவிட்டுப் போனார். அதற்கும் சண்டை.

அறக்கட்டளை கணிசமாகவே கொடுத்தது. டாக்டர் பேசி, விற்பவரும் விலையைக் கொஞ்சம் குறைத்தார். மீதிக்கு நான் சீட்டு எடுத்தேன், அவர் ஆபீஸ் சொசைட்டியில் லோன் போட்டார். இதுவரை உனக்குத் தெரிந்ததெல்லாம் அறக்கட்டளையும் என் சீட்டும்தான். ட்யூப் செலவு முழுக்க நானும் அப்பாவும்தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. ஒரு மாசம் நாங்கள், ஒரு மாசம் அவர். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அன்று ஓட்டலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “சொன்னா நன்றின்னு நெனச்சிக்கிட்டு என்கிட்ட வாயே தொறக்க மாட்டா. மருமகள்னா நாலு வார்த்தை எதுத்துப் பேசணும். எனக்கு சண்டை போட வீட்ல வேற யாரு இருக்கா?” இன்றைக்கு அந்தச் சத்தியத்தை மீறுகிறேன். அவரிடம் சொல்லிக்கொடுத்துவிடாதே. சண்டை போடுவதை நிறுத்திவிடாதே.

உனக்கு அவர்மேல் இன்னொரு குறை உண்டு. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பேரனைத் தூக்கிக் கொஞ்சாமல் நர்ஸோடு கதை பேசிக்கொண்டிருந்தார் என்று இன்னும் சொல்கிறாய். நான் பக்கத்திலேயே நின்றேன். பிரசவத்துக்கு அப்புறம் உன் சர்க்கரை எவ்வளவு என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நம்பரைச் சொன்ன பிறகுதான் குழந்தை பக்கம் திரும்பினார். நீ மறுபடி மயக்கத்தில் கண் மூடிவிட்டதால் மீதியைப் பார்க்கவில்லை. பேரன் அவர் கட்டியிருந்த பட்டுப்புடவையை நனைத்தபோது, மூன்று நிமிஷத்துக்கு மேலேயே சிரித்தார்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். டாக்டரோடு பேசி, உன் உடம்புக்கு ஊசியே தோது என்று நீ முடிவெடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பதினோரு வயதிலிருந்து உன் உடம்பைப் பார்த்துக்கொள்பவள் நீதான். ஆனால் செலவு என்று கழற்றாதே. பிள்ளை பெற்றாயிற்று, என் வேலை முடிந்தது என்று கழற்றாதே. அந்தப் பெட்டி வந்ததிலிருந்து ஒரு விடியற்காலைகூட நான் உன் வாயில் சர்க்கரை தடவவில்லை. அது வயிற்றிலிருந்த குழந்தைக்காக மட்டும் வந்த சுகமா? நீ தூங்கி விழிக்கிறாயே, அதற்கு விலை இல்லையா? கேட்கக் கூசுகிறது என்றால் எங்களிடம் விடு. இப்போது நன்றாகக் கேட்கத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறோம். ஒருத்தி மனு அடிப்பாள், இன்னொருத்தி பேசுவாள். அந்த அறக்கட்டளைக்காரர் எங்களைப் பார்த்தாலே இப்போது முதலில் காபிதான் சொல்கிறார்.

ஊரில் எல்லோரும் உன்னிடம் ஒன்று சொல்வார்கள்: ‘இனிமே நீ ஒரு குழந்தைக்கு அம்மா, அவனுக்காகவாவது உடம்பைப் பார்த்துக்கோ’ என்று. நல்ல வார்த்தைதான். கேட்டுக்கொள். ஆனால் நான் அதைச் சொல்லப் போவதில்லை. அவனுக்கு அம்மா வேண்டும் என்று அவனே ராப்பகலாகக் கத்திச் சொல்லிக்கொள்கிறான், அவனுக்கு நான் மனுப் போட வேண்டியதில்லை. நான் எனக்காகத்தான் கேட்கிறேன். என் வாழ்நாளில் எனக்கென்று யாரிடமும் கேட்டதில்லை, முதல்முதலாக உன்னிடம் கேட்கிறேன். நீ அவனுக்கு அம்மாவாக ஆவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குக் குழந்தை. எனக்கு என் குழந்தை வேண்டும்.

அம்மா